டம்ளர்ல காபி இருக்கா? சபா நாடகம் பாக்குறவன் மாதிரி அரசியலும் சினிமா நியூசும் பாக்குறது எப்படி

முதல்லயே சொல்லிடறேன், நான் பழைய பஞ்சாங்கம். இலவசம் பிடிக்காது, டாஸ்மாக் பிடிக்காது, கட்அவுட்டுக்கு பால் ஊத்துறது பிடிக்காது, டிவில பத்து வயசுக் குழந்தைய குத்துப்பாட்டுக்கு ஆட விட்டுட்டு ஜட்ஜா உக்காந்திருக்கறவங்க கண்ண தொடச்சுக்கறது சுத்தமா பிடிக்காது. இதெல்லாம் பிடிச்சவங்க இப்பவே எழுந்து போலாம், நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா 45 வருஷத்துக்கு மேல மாசம் ஒரு நாடகமாவது பாத்துட்டு வர்றேன், அதுல ஒரு பழக்கம் ஒட்டிக்கிச்சு, பேப்பர் படிக்கும்போதும் டிவி பாக்கும்போதும் அது தானா வேலை செய்யுது, போன வாரம் அக்கா பையன் "மாமா நீங்க எப்படி இந்த நியூஸ் பொய்னு உடனே சொன்னீங்க"ன்னு கேட்டான், அவனுக்கு சொன்னதத்தான் இங்க கொஞ்சம் விரிச்சு எழுதறேன்.

விஷயம் ஒரு காலி டம்ளர்ல இருக்கு.

சபா நாடகத்துல, அதாவது சபாங்கற கலை மன்றங்கள் நடத்தற மேடை நாடகத்துல, முதல் சீன் பெரும்பாலும் ஒரு ஹால். சோபா, டெலிபோன், சுவத்துல ஒரு சாமி படம், அப்பா பேப்பர் படிக்கிறாரு, அம்மா காபி கொண்டு வர்றாங்க. டம்ளர்ல ஒரு சொட்டு இருக்காது. சுமாரான நடிகர் அத வாங்கி கடகடன்னு கவுத்துட்டு டயலாக்குக்கு போயிடுவாரு, காலி டம்ளர்ங்கறது கடைசி வரிசை வரைக்கும் தெரிஞ்சுடும். நல்ல நடிகர் டம்ளர விளிம்புல பிடிப்பாரு, ஏன்னா சூடு. ஒரு தடவ ஊதுவாரு. தூக்கி குடிப்பாரா, வாய் வச்சு உறிஞ்சுவாரா, அது அந்த பாத்திரம் எந்த வீட்டு மனுஷன்ங்கறத பொறுத்தது. பாதில அம்மா ஏதோ சண்டைக்கு வருவாங்க, அவரு டம்ளர கீழ வைக்கும்போது சிந்தாம வைப்பாரு, இல்லாத காபி சிந்தக்கூடாதேன்னு. 1978-ல வாணி மகால்ல எங்கப்பா என் காதுல சொன்னாரு, "மூஞ்சிய பாக்காதடா, டம்ளர பாரு"ன்னு. நான் அப்ப எட்டாங்கிளாஸ். கதை என்னன்னு மறந்து போச்சு, டம்ளர் மறக்கல.

இதுல இருந்து எனக்கு ரெண்டு விதி கிடைச்சுது. நடிகன் விஷயத்துல திரை எறங்கினப்புறம் உள்ள எட்டிப் பாக்கக் கூடாது, கிரீன் ரூம்ல அவன் யாரோட சண்டை போட்டான், பொண்டாட்டி கூட பேசறானா இல்லையா, அது என் டிக்கெட்டுல சேராத விஷயம். அரசியல்வாதி விஷயத்துல நேர் எதிர், அங்க திரைய தூக்கிப் பாக்கறதுதான் ஓட்டு போட்டவன் வேலை, ஏன்னா உள்ள இருக்கறது என் காசு. நம்ம ஊர்ல இத அப்படியே தலைகீழா பண்றோம். நடிகை விவாகரத்துக்கு கோர்ட் பேப்பர் வரைக்கும் தேடிப் படிக்கறவன் அவன் வார்டு கவுன்சிலர் பேரு கேட்டா முழிக்கறான்.

சரி, எப்படி பழகறதுன்னு பாப்போம்.

மொதல்ல ஒரு நாடகம் பாருங்க

இத செய்யாம மத்தது எதுவும் வராது. யூடியூப்ல பாத்தா ஆகாது, கேமரா எங்க காட்டுதோ அங்கதான் உங்க கண்ணு போகும், நாடகத்துல உங்க கண்ணுக்கு நீங்கதான் முதலாளி. சென்னையில இருந்தா சுலபம், நாரத கான சபா, வாணி மகால், மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், பாரதிய வித்யா பவன், எங்கயாவது ஒண்ணு சனி ஞாயிறுல ஓடும். கோடையில கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்துற கோடை நாடக விழா வரும், வரிசையா புது நாடகமா போடுவாங்க, புதுசா பழகறவங்களுக்கு அதவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. மதுரை, புதுக்கோட்டை பக்கம் இருந்தீங்கன்னா உங்களுக்கு இன்னும் யோகம், கோயில் திருவிழாவுல ஸ்பெஷல் நாடகம் விடிய விடிய நடக்கும், அதப்பத்தி பின்னாடி சொல்றேன்.

உக்காரும்போது முதல் வரிசை வேண்டாம், அங்க சபா கமிட்டிக்காரங்களும் அவங்க சொந்தக்காரங்களும் இருப்பாங்க, கழுத்தும் வலிக்கும். அஞ்சாவது ஆறாவது வரிசை, ஓரமா. ஓரத்துல இருந்தா பக்கத்து தட்டி மறைவுல நிக்கற ஆள் கொஞ்சம் தெரிவாரு, கையில நோட்டு வச்சுக்கிட்டு, அவர்தான் ப்ராம்ப்டர், வசனம் மறந்தா மெதுவா எடுத்துக் குடுக்கறவர். அவர அப்பப்ப பாருங்க. போன ஆஃப் பண்ணுங்க, சைலண்ட் போதாது, இருட்டுல ஸ்கிரீன் வெளிச்சம் மேடைல நிக்கறவன் கண்ணுக்கு டார்ச் அடிச்ச மாதிரி குத்தும்.

அப்புறம் முக்கியமா, பேசறவர பாக்காதீங்க, கேக்கறவர பாருங்க. ரெண்டு பேர் மேடைல இருந்தா ஒருத்தர் பேசுவாரு, இன்னொருத்தர் கேட்டுக்கிட்டு நிப்பாரு. நல்ல நடிகருக்கு அந்த கேக்கற நேரந்தான் பரீட்சை. சிலபேர் தன் டயலாக் எப்ப வரும்னு காத்துக்கிட்டு நிப்பாங்க, முகத்துல ஒண்ணும் ஓடாது, ரயில்வே ஸ்டேஷன்ல நிக்கற மாதிரி. இத ஒரு ரெண்டு மணி நேரம் பழகிட்டீங்கன்னா அன்னிக்கு ராத்திரி டிவி விவாதம் போட்டுப் பாருங்க, நாலு பேர் உக்காந்திருப்பாங்க, ஒருத்தர் கூட கேக்க மாட்டாங்க, எல்லாரும் ஸ்டேஷன்ல நிக்கறாங்க. எனக்கு அதுக்கப்புறம் விவாதம் பாக்கற பழக்கமே போயிடுச்சு, வீட்ல கரண்ட் பில்லு கொறஞ்சுதுன்னு வீட்டுக்காரம்மா சொல்லுவா, அது பொய், ஆனா மனசுக்கு நல்லா இருக்கு.

அரசியல்வாதிய மேடைல வச்சு பாக்கறது

நம்ம ஊர் அரசியல் நாடகம்னு கேலியா சொல்றாங்க, கேலி இல்ல, சரித்திரமே அதான். அண்ணாதுரை நாடகம் எழுதினாரு, மேடைலயும் ஏறினாரு, சிவாஜி கண்ட இந்து ராஜ்யத்துல காகபட்டரா வேஷம் போட்டது அவர்தான், அதே நாடகத்துல சிவாஜியா நடிச்ச வி.சி.கணேசனுக்குத்தான் பெரியார் "சிவாஜி"ன்னு பட்டம் குடுத்து அது பேராவே நின்னுடுச்சு. கருணாநிதி நாடகம் எழுதி நடிச்சவர். எம்.ஜி.ஆர். சின்னப் பசங்கள வச்சு நாடகம் போடற பாய்ஸ் கம்பெனில வளந்தவர், 1959-ல சீர்காழில நாடக மேடையிலயே கால் ஒடிஞ்சவர். ஆக இவங்களுக்கெல்லாம் டம்ளர எப்படி பிடிக்கணும்னு நல்லாவே தெரியும். நான் இவங்க அரசியலுக்கு எதிர்பக்கம், எங்க தாத்தா ராஜாஜியோட சுதந்திரா கட்சி ஆளு, லைசென்ஸ் பெர்மிட் ராஜ்யம் ஒழியணும்னு கும்பகோணத்துல திண்ணையில உக்காந்து கத்துவாரு, 1967-ல அதே ராஜாஜி தி.மு.க.வோட கூட்டு சேந்தப்ப ரெண்டு நாள் சாப்பிடலியாம். ஆனா அந்த தாத்தாவே பெரியார் பக்கத்து ஆளான எம்.ஆர்.ராதாவோட நாடகம் ஊருக்கு வந்தப்ப தலையில துண்ட போத்திக்கிட்டு கடைசி வரிசையில உக்காந்து பாத்துட்டு வந்தவர். பாட்டி கண்டுபிடிச்சுட்டா. "அவன் பேசறது அத்தனையும் அபசாரம், ஆனா அவன மாதிரி இன்னொருத்தன் பேச முடியாது"ன்னாராம். கலைய கலையா பாக்கறதுக்கு இதவிட நல்ல உதாரணம் எனக்கு தெரியாது. அன்னிக்கு பேப்பர்ல வந்த சேதிய அன்னிக்கு ராத்திரியே மேடைல போட்டு அடிக்கற ஆளு ராதா, எழுதி வச்ச வசனம்லாம் அவருக்கு ஒரு சாக்குதான்.

இப்ப பயிற்சி. தேர்தல் நேரத்துல ஒரு கூட்டத்த எடுத்துக்குங்க, போன்ல பத்து நிமிஷம் சவுண்ட் இல்லாம பாருங்க. கை எங்க போகுது, யாரப் பாத்து சிரிக்கறாரு, பின்னாடி உக்காந்திருக்கறவங்க மூஞ்சி எப்படி இருக்கு, குறிப்பா தலைவர் பேசும்போது வேட்பாளர் எத பாக்கறாரு. அப்புறம் போன கவுத்து வச்சுட்டு சவுண்ட் மட்டும் கேளுங்க. ஒரு பேப்பர்ல ரெண்டு கட்டம் போட்டு "செஞ்சோம்" ஒரு பக்கம், "செய்வோம்" ஒரு பக்கம், வர்றப்பல்லாம் கோடு போடுங்க. மூணாவதா ஒரு கட்டம் வேணும்னா எதிராளிய திட்டறதுக்கு, அந்தக் கட்டம் சீக்கிரம் ரொம்பிடும், பேப்பர் பெருசா எடுத்துக்குங்க. நான் போன ரெண்டு தேர்தல்ல எல்லாக் கட்சிக்கும் பண்ணிப் பாத்தேன், எனக்கு பிடிச்ச கட்சிக்கும் சேத்துத்தான், ஃபலிதம் சொன்னா வீட்ல சண்டை வரும்.

எங்க தெருவுல நடந்தத சொல்றேன். ஒரு வேட்பாளர், எந்தக் கட்சின்னு வேண்டாம், ஓட்டு கேக்க வந்தாரு, தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர்கிட்ட பொட்டிய வாங்கி ஒரு சட்டைய தேச்சாரு, பத்து கேமரா, ஒரே கோஷம். நான் அப்ப துணி வாங்கத்தான் நின்னுட்டு இருந்தேன். அவரு பொட்டிய தூக்கின விதத்துலயே தெரிஞ்சு போச்சு, அதுல கரியே போடல, அன்னிக்கு காலையில அந்த ஆரவாரத்துல வண்டிக்காரர் இன்னும் மூட்டவே இல்ல. வெறும் பொட்டி. வேட்பாளர் அத முன்னாடி மட்டும் தள்ளினாரு, தண்ணி தெளிக்கல, காலர்ல ஆரம்பிக்கல. காலி டம்ளர் கவுக்கற நடிகர்தான். மறுநாள் எல்லா பேப்பர்லயும் போட்டோ. வண்டிக்காரர் என்கிட்ட சொன்னாரு, "சார் அது உங்க சட்டைதான், அப்புறம் நான் மறுபடி தேச்சேன்"னு. கேமராவுக்கு முன்னாடி தோசை சுடறவங்க, டீ ஆத்தறவங்க, நாத்து நடறவங்க யாரா இருந்தாலும் இத பாருங்க, பொட்டில கரி இருக்கா. வேலை தெரிஞ்சவனா இருந்தா கையே காட்டிக் குடுத்துடும், அப்படி சிலபேர் இருக்காங்க, நான் இல்லேங்கல, நாத்து முடிய பிரிக்கற வேகத்துலயே ஒருத்தர் நிஜமா வயல்ல நின்னவர்னு தெரிஞ்சுது, அவருக்கு ஓட்டு போடல, ஆனா மரியாதை வந்துடுச்சு.

கூட்டணி பாக்கறதுக்கு ஸ்பெஷல் நாடகம்தான் சரியான கண்ணாடி. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வச்ச வள்ளி திருமணம் மாதிரி நாடகங்கள், எல்லா நடிகருக்கும் அவங்கவங்க பார்ட் மனப்பாடம். கதாநாயகனா வர்ற ராஜபார்ட் ஒரு ஊர்ல இருந்து வருவாரு, நாயகியா வர்ற ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரு, சிரிக்க வைக்கற பபூன் வேற, ஆர்மோனியம் வேற, தனித்தனியா பேசி தனித்தனியா சம்பளம், ஒத்திகைன்னு ஒண்ணு கிடையாது, அன்னிக்கு ராத்திரி மேடைலதான் ஒருத்தர ஒருத்தர் பாக்கவே பாப்பாங்க. ஆனாலும் விடியற வரைக்கும் நாடகம் போகும், நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் நடக்கும் பாருங்க, நெசமாவே ஒருத்தர ஒருத்தர் மடக்கப் பாப்பாங்க, அடுத்தவர் பாட்டுல எங்க தடுக்குவாரோன்னு காத்துக்கிட்டு. தேர்தல் கூட்டணியும் இதேதான், அவங்கவங்க பார்ட்டு அவங்கவங்களுக்கு தெரியும், ஒத்திகை இல்ல, நடுவுல தர்க்கம் வரும், அத உடைஞ்சு போச்சு உடைஞ்சு போச்சுன்னு சேனல்காரன் கத்தினா நீங்க பதறாதீங்க. ராஜபார்ட்டுக்கு சம்பளம் பேசி முடிச்சாச்சான்னு மட்டும் பாருங்க. ஒரே வித்தியாசம், ஸ்பெஷல் நாடகத்துல பபூன் யாருன்னு முதல்லயே நோட்டீஸ்ல போட்டுடுவாங்க.

அடுத்தது கணக்கு. தேர்தல் அறிக்கைய கையில எடுத்தா ஒவ்வொரு வாக்குறுதி பக்கத்துலயும் பென்சில்ல "யார் காசு"ன்னு எழுதுங்க. 2006-ல கலர் டிவி, 2011-ல மிக்சி கிரைண்டர் மின்விசிறி, ரெண்டு பக்கமும் குடுத்தாங்க, ரெண்டையும் நான் எதிர்த்தேன், இப்பவும் எதிர்க்கறேன், ஒரு பக்கம் இலவசம் குடுத்துட்டு இன்னொரு பக்கம் அந்த வீட்டு ஆம்பளைக்கிட்ட டாஸ்மாக்ல அத திருப்பி எடுத்துக்கறது எனக்கு நியாயமா படல. சேலம் ஜில்லாவுல 1937-ல ராஜாஜி கொண்டுவந்த மதுவிலக்கு 1971-ல போச்சு, நடுவுல ஒரு தடவ திரும்பி வந்துது, 1981-ல மறுபடி போச்சு. (எங்க வீட்ல அந்த 2011 கிரைண்டர்லதான் இன்னிக்கும் தோசைக்கு அரைக்கறாங்க, அத வீட்டுக்காரம்மா ஒவ்வொரு தடவையும் சொல்லிக் காட்டுவா, நல்லா உழைக்குது, என்ன பண்ண.) கணக்கு கேக்கறது அநாகரிகம்னு யாராவது சொன்னா, இந்த ஊர்ல கணக்கு கேட்டுத்தான் ஒரு கட்சியே பொறந்துதுன்னு சொல்லுங்க. 1972 அக்டோபர்ல எம்.ஜி.ஆர். தி.மு.க. பொருளாளரா இருந்துக்கிட்டு கட்சிக்காரங்க சொத்துக்கணக்கு காட்டணும்னு மேடைல பேசினாரு, கட்சிய விட்டு நீக்கினாங்க, அதே மாசம் 17-ஆம் தேதி அ.தி.மு.க. வந்துடுச்சு. பின்னாடி அந்தக் கட்சில யாரு யாருகிட்ட கணக்கு கேட்டாங்கன்னு என்னக் கேக்காதீங்க.

நடிகருக்கு ஜனங்க கண்ண மூடிக்கிட்டு ஓட்டு போடறாங்கன்னு வெளியூர்க்காரங்க எழுதுவாங்க, அதுவும் பாதி பொய். எம்.ஜி.ஆர். 1953-லயே கட்சில சேந்தவர், முதலமைச்சரானது 1977-ல, 24 வருஷம் ஒத்திகை. சிவாஜி கணேசன் 1988-ல கட்சி ஆரம்பிச்சு 1989-ல திருவையாறுல நின்னாரு, சினிமால ராஜராஜ சோழனா நின்னவர சோழ நாட்டுக்காரனே தோக்கடிச்சான். அதே சிவாஜிக்கு கண்ணீர் விட்ட ஜனங்கதான். டம்ளர எப்படி பிடிக்கறாருன்னு பாத்து கை தட்டினாங்க, ஓட்டு வேற கணக்குல வச்சுட்டாங்க. இன்னிக்கு கட்சி ஆரம்பிக்கற எந்த நடிகருக்கும் நான் இத வச்சுத்தான் அளக்கறேன், ஒத்திகை எத்தன வருஷம்.

சென்சார் விஷயத்துல நான் மாறினேன், அதையும் ஒளிக்காம சொல்லிடணும். வாலிபத்துல எனக்கு பிடிக்காத நாடகத்த தடை பண்ணணும்னு சொல்லித் திரிஞ்சவன்தான். 1954-ல கொண்டுவந்த நாடக சட்டம் ஒண்ணு இருந்துது, ராதாவ மனசுல வச்சுக்கிட்டுதான் போட்டாங்கன்னு சொல்லுவாங்க, அதுப்படி நாடகம் போடறதுக்கு முன்னாடி ஸ்கிரிப்ட போலீஸ்ல குடுத்து அனுமதி வாங்கணும். ராதாவுக்கு போட்ட கயிறு, துக்ளக் பத்திரிகை நடத்தின நாடகக்காரர் சோவையும் இழுக்கும்ல. எங்க பக்கத்து ஆளுங்க தலையில தூக்கி வச்சு ஆடற சோ, முகமது பின் துக்ளக்க 1968-ல மேடையேத்தினவர், கட்சி மாறி வர்றவன் அத்தன பேரையும் துணைப் பிரதமராக்கற கதை, இன்னிக்கு பாத்தாலும் பழசாகல. அதே சோவும் போலீஸ் ஸ்டேஷன்ல நோட்டு குடுக்கணும். கடைசில அந்த சட்டத்த எதிர்த்து கோர்ட்டுக்கு போனது ஞாநி, பரீக்‌ஷா நாடகக்குழு நடத்தினவர், என் கொள்கைக்கு நேர் எதிர்ப்பக்கம், 2013-ல சென்னை உயர்நீதிமன்றம் அந்தப் பிரிவுகள செல்லாதுன்னு சொல்லிச்சு. எதிர்ப்பக்கத்துக்காரர் எனக்கும் சேத்து வாங்கிக் குடுத்தாரு. அதனால இப்பல்லாம் ஒரு நாடகமோ படமோ என்ன புண்படுத்தினா நான் பண்றது ஒண்ணே ஒண்ணு, பாதில எழுந்து சத்தம் போடாம வெளிய போய் காபி குடிக்கறது. நீங்களும் அதையே பண்ணுங்க.

நட்சத்திர நியூஸ் வந்தா

கிசுகிசு யூடியூப் வந்தப்புறம் வந்த வியாதின்னு நெனைக்காதீங்க. 1940கள்ல லட்சுமிகாந்தன்னு ஒருத்தர், சினிமா தூதுன்னு ஒண்ணு, அப்புறம் இந்துநேசன், நடிகர் நடிகை அந்தரங்கம் எழுதியே பத்திரிகை நடத்தினாரு, எழுதாம இருக்க காசு வாங்கினதாவும் பேச்சு. 1944 நவம்பர்ல வேப்பேரில கத்தியால குத்தினாங்க, மறுநாள் செத்துட்டாரு. யார புடிச்சாங்க தெரியுமா, எம்.கே.தியாகராஜ பாகவதரையும் என்.எஸ்.கிருஷ்ணனையும். ரெண்டு பேருமே நாடக மேடைல இருந்து வந்தவங்க, அன்னிக்கு பாகவதர விட பெரிய நட்சத்திரம் கிடையாது, அவரோட ஹரிதாஸ் அப்பத்தான் ரிலீசாகி சென்னை பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி பாத்துது, படம் ஓடுது, நடிச்சவர் ஜெயில்ல. ஆயுள் தண்டனை ஆச்சு, அன்னிக்கு கடைசி மேல்கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் திரும்பி வந்து 1947-ல விடுதலையானாங்க. கலைவாணர்னு சொல்ற கிருஷ்ணன் ஓரளவு எழுந்தாரு. பாகவதர் எழவே இல்ல, 1959-ல போயிட்டாரு. அந்தப் பேப்பர காசு குடுத்து வாங்கிப் படிச்சது யாரு, நம்ம தாத்தா பாட்டிங்கதான், ஒளிச்சு வச்சு படிச்சிருப்பாங்க. கொல பண்ணது யாருன்னு கடைசி வரைக்கும் தெரியல, படிச்சவன் மட்டும் லட்சக்கணக்குல. எனக்கு எந்த நட்சத்திர வதந்தி வந்தாலும் முதல்ல பாகவதர் மூஞ்சிதான் ஞாபகம் வரும்.

அதனால பழக்கம் என்னன்னா, ஒரு ராத்திரி தாண்டணும். ஃபார்வர்ட் ராத்திரி பத்து மணிக்கு வந்துச்சுன்னா காலையில காபி குடிச்சப்புறம்தான் அதப்பத்தி பேசணும். பாதி நியூஸ் விடியறதுக்குள்ள செத்துடும். எங்க குடும்ப குரூப்ல ஒரு பழம்பெரும் நடிகர் மூணு தடவ காலமானாரு, மூணு தடவையும் எங்க சித்தப்பா தான் முதல்ல ஆழ்ந்த இரங்கல் போட்டாரு, நாலாவது தடவ அந்த நடிகர் ஒரு கல்யாணத்துல பந்தில உக்காந்து சாப்பிடற போட்டோ வந்துது, சித்தப்பா அதுக்கும் ஓம் சாந்தின்னு போட்டாரு, கை பழக்கம்.

சம்பந்தப்பட்டவங்க அவங்க வாயால சொன்னாங்களா, இல்ல "நெருங்கிய வட்டாரம்" சொல்லிச்சா, இதையும் பாருங்க. நெருங்கிய வட்டாரம்னா தட்டி மறைவுல நிக்கற ப்ராம்ப்டர் மாதிரி நெனச்சுக்காதீங்க, ப்ராம்ப்டருக்கு ஸ்கிரிப்ட் தெரியும், இவங்களுக்கு அதுவும் தெரியாது. அப்புறம் ஒண்ணு, இதே விஷயத்த எதிர் வீட்டுக்காரங்கள பத்தி நேர்ல போய் கேப்பீங்களா. எதிர் வீட்டு பொண்ணு பொறந்த வீட்டுக்கு வந்து மூணு மாசமாச்சுன்னா நாம நாகரிகமா வாய மூடிக்கிட்டு இருப்போம், அட்லீஸ்ட் அவ முன்னாடி. நடிகைன்னா மட்டும் கமெண்ட்ல போய் "ஏம்மா பிரிஞ்சீங்க"ன்னு கேக்கறோம். குடும்பம் முக்கியம், கல்யாணம் புனிதம்னு நம்பறவன் நானு, அதனாலதான் சொல்றேன், இன்னொருத்தன் குடும்பம் உடையறத தின்பண்டம் மாதிரி கொறிக்கறவன் குடும்ப மதிப்பு பத்தி பேசறது எனக்கு ஒத்துக்காது. எங்க ஆளுங்கதான் இதுல மோசம்.

இதுக்கு விலக்கு ஒண்ணு உண்டு. ஒருத்தர் இன்னொருத்தருக்கு கொடுமை பண்ணாருன்னு பாதிக்கப்பட்டவங்களே வந்து சொன்னா அது கிரீன் ரூம் விஷயம் இல்ல, அது போலீஸ் விஷயம், அங்க திரை மரியாதையெல்லாம் பேசி மூடி மறைக்கக் கூடாது. இதுல எங்க தலைமுறை தப்பு பண்ணிச்சு, "கலைஞன் அப்படித்தான்"னு விட்டுட்டோம்.

சினிமாவுக்கு போறது

சுருக்கமா சொல்லிடறேன். முதல் நாள் போகாதீங்க. முதல் நாள் தியேட்டர்ல படம் பாக்க முடியாது, பாக்கறவங்களத்தான் பாக்கலாம். 2023 பொங்கல் ரிலீஸ் அன்னிக்கு கோயம்பேடு பக்கம் ஓடற லாரி மேல ஏறி ஆடிட்டு குதிச்ச 19 வயசுப் பையன் செத்துப் போனான், அதுக்கப்புறம்தான் அரசாங்கம் விடியக்காலை 4 மணி ஷோவுக்கு அனுமதி குடுக்கறத நிறுத்திச்சு. ரொம்ப நல்லது. நாடகத்துக்கு ஏழு மணிக்கு வர்றவன் எந்த லாரிலயும் ஏறினதா சரித்திரம் இல்ல. நாலாம் நாள் போங்க, ஹாலும் அமைதியா இருக்கும், நியாயமான விமர்சனம் நாலு பேர் வாயால வந்திருக்கும். சர்டிபிகேட் என்னன்னு பாத்துட்டு குழந்தைய கூட்டிட்டு போங்க, யூஏ-வுக்கு கூட்டிட்டு போயிட்டு கண்ண பொத்தறது வேண்டாம், பொத்தின விரல் நடுவுல அதுங்க எல்லாத்தையும் பாத்துடும்.

படத்துலயும் டம்ளர பாருங்க. சாப்பாட்டு சீன்ல யாராவது நெசமா சாப்பிடறாங்களான்னு பாருங்க, முக்கால்வாசி படத்துல பிசைஞ்சுக்கிட்டே இருப்பாங்க, வாய்க்கு போகாது.

வீட்ல சண்டை வராம பேசறது

இது இன்னும் எனக்கே சரியா வரல. என் பொண்ணு ஒரு கட்சி, மாப்பிள்ளை இன்னொரு கட்சி, நான் எங்கயும் சேராத காலாவதியான கட்சி. முன்னல்லாம் தீபாவளி அன்னிக்கு பேச்சு ஆரம்பிச்சா மத்தியானம் சாப்பாடு வரைக்கும் போய் யாராவது ஒருத்தர் எழுந்து மொட்டைமாடிக்கு போயிடுவாங்க. இப்ப ஒரு ஏற்பாடு. அடுத்தவர் சொன்னத அவர் ஒத்துக்கற மாதிரி ஒரு தடவ திருப்பி சொல்லிட்டுத்தான் நம்ம பதில் சொல்லணும். மேடைல கேக்கற நடிகர் வேலைதான். "மாப்பிள்ளை, நீங்க என்ன சொல்றீங்கன்னா, பஸ்சுல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லைங்கறது இலவசம் இல்ல, அவங்க வேலைக்கு போறதுக்கான வழிங்கறீங்க, சரியா?" அவரு "ஆமா மாமா"ம்பாரு. சொல்லும்போதே எனக்கு பாதி கோவம் இறங்கிடும், அத ஒத்துக்கறதில்ல, கோவம் மட்டும்தான் இறங்கும். பொண்ணுகிட்ட இது நடக்கல, அவ நான் திருப்பி சொல்றத கேட்டுட்டு "அப்பா நீங்க நக்கல் பண்றீங்க"ன்னுடுவா, டோன்ல மாட்டிக்கறேன்.

போன மாசம் அவளையே நாடகத்துக்கு கூட்டிட்டு போனேன், வேண்டாவெறுப்பா வந்தா. வழக்கமான ஹால், வழக்கமான சோபா, அம்மா காபி கொண்டு வந்தாங்க, அப்பாவா நடிச்சவருக்கு எழுபது வயசுக்கு மேல இருக்கும், டம்ளர வாங்கினவரு டயலாக்க மறந்துட்டாரு. தட்டி பக்கம் இருந்து ப்ராம்ப்டர் குரல் வருது, அவருக்கு காது கேக்கல போல. ஒரு அஞ்சு வினாடி. அம்மாவா நடிச்சவங்க பதறாம கிட்ட போய், "என்ன, சக்கரை பத்தலியா"ன்னு கேட்டாங்க. அவரு டம்ளர ஒரு தடவ ஊதி ஒரு வாய் குடிச்சுட்டு, "சரியாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டு விட்ட எடத்துல இருந்து பிடிச்சுக்கிட்டாரு. ஹால்ல பாதி பேருக்கு எதுவும் தெரியல. பொண்ணு என் கைய அமுக்கினா.

ஞாயித்துக்கிழமை வர்றதா இருந்தா ஆறரைக்கே வந்துடுங்க. ஏழு மணின்னு போட்டிருப்பாங்க, செக்ரட்டரி பேசி முடிக்க ஏழே கால் ஆகும், ஆனா கேண்டீன்ல கீரை வடை ஏழுக்குள்ள தீந்துடும்.